ஏன் கண்ணு சுத்திப் போறே?

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தக்கார அண்ணன் ஒருவர் போனில் கூப்பிட்டார். அவர் பையன் எட்டாம் வகுப்பு. பத்து நாளாகப் பள்ளிக்கூட வேனில் ஏற மாட்டேன் என்கிறானாம். ஒரு நாள் வயிற்று வலி, ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது என்கிறானாம். "என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்டா. நாலு போடு போட்டும் பாத்துட்டேன். அப்பவும் சொல்லல" என்றார்.

அந்த நாலு போடுதான் அவன் வாயை மூடி வைத்திருக்கிறது என்று அவருக்குச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் அந்த வயதில் வயிற்று வலி என்று பொய் சொன்னவன். நானும் வாயைத் திறக்காதவன். இத்தனை வருடம் எழுதாமல் வைத்திருந்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் குமாரபாளையம். காவிரிக்கு அக்கரை பவானி, இக்கரை நாங்கள். எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். அப்பா ஒரு பட்டறையில் தறி ஓட்டினார். நாலு தறி அவர் பொறுப்பு, பெரும்பாலும் லுங்கி. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. பட்டறையை ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் தறி, இந்தப் பக்கம் நாங்கள்.

ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகள் "இந்தச் சத்தத்துல எப்படித் தூங்கறீங்க?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கமே வரும். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வோம். தறி நின்றால் அப்பா வீட்டுக்கு வருகிறார் என்று அர்த்தம்.

2012-ஆம் வருடத்தை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால், எங்களுக்குப் பல நாள் பாதி நாளுக்கு மேல் கரண்டே இருக்காது. வரும், ஒரு மணி நேரம் நிற்கும், போய்விடும். தறி ஓடினால்தான் கூலி. ஆனால் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கரண்டைப் பார்த்துக் குறையாது. அதைக் கட்டி முடிக்காமல் வேறு பட்டறைக்கும் போக முடியாது. கரண்ட் போன அடுத்த நிமிடம் அப்பா பனியனோடு வாசலில் வந்து நிற்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது கண்ணில் பட்டாலும் தப்புதான். கழுவாத டம்ளர் தப்பு. விரித்துப் போட்ட நோட்டு தப்பு. தங்கச்சி சிரித்தால் தப்பு, அழுதால் இன்னும் பெரிய தப்பு.

அப்பா குடிக்கிறவர் இல்லை. அடிக்கிற அப்பா என்றதும் எல்லோரும் டாஸ்மாக்கைத்தான் நினைக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். ஒரு சொட்டுக் குடிக்காமலும் ஒரு வீட்டை நடுங்க வைக்க முடியும். பெல்ட், தறியில் போடுகிற வார், கைக்குக் கிடைத்தது எதுவாக இருந்தாலும் அடி விழும். ஆனால் அடியைவிட அடிக்கு முன்னால் வருகிற அந்தப் பத்து நிமிடம்தான் மோசம். செருப்பை எப்படிக் கழற்றுகிறார், தண்ணீர்ச் சொம்பை எப்படி வைக்கிறார், எத்தனை முறை தொண்டையைச் செருமுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வானம் பார்த்து மழை சொல்கிற குடியானவர்களைப் போல, அப்பாவின் முதுகைப் பார்த்தே இன்றைக்கு எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். தங்கச்சி மூன்றாம் வகுப்பு. அவளுக்கும் ஒரு சைகை சொல்லி வைத்திருந்தேன். நான் காதைத் தொட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

இன்னொன்று, அது பின்னால்தான் புரிந்தது. தறிக்காரர்களுக்குப் பேச்சே சத்தமாகத்தான் வரும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைதான் சத்தம் இருக்கலாம் என்று தொழிற்சாலை விதி சொல்கிறது. பட்டறைச் சத்தம் அதைத் தாண்டும், வேலையும் எட்டு மணி நேரத்தில் முடியாது. வருடக் கணக்கில் அதற்குள் நின்றவர்களுக்குக் காது போய்விடும். அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே காது மந்தம். அவர் "தண்ணி கொண்டா" என்று சாதாரணமாகச் சொன்னதே எனக்கு உறுமலாகக் கேட்டிருக்கிறது. எது சத்தம், எது கோபம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பயந்தேன்.

இனி பள்ளிக்கூடக் கதைக்கு வருகிறேன். இரண்டும் வேறு வேறு கதை இல்லை என்பதைத்தான் இத்தனை நாள் சொல்ல நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை பட்டுவாடா முடிந்ததும் அப்பா என்னிடம் இருநூறு ரூபாய் கொடுத்து மளிகைக் கடை பாக்கியைக் கட்டிவிட்டு வரச் சொன்னார். வழியில் பணத்தை எங்கேயோ விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போகப் பயந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். தேடி வந்தவர் டீக்கடை முன்னால் வைத்தே கன்னத்தில் அறைந்து, காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கடையில் எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அது ஆரம்பித்தது. முதலில் கேலி, கன்னத்தில் கை வைத்துக் காட்டுவார்கள். பிறகு அவர்களுடைய ரெக்கார்டு நோட்டை நான் எழுத வேண்டும். பிறகு தினமும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய். கொடுக்காவிட்டால் அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. "உங்கப்பன்கிட்ட நீ பீடி குடிச்சேன்னு சொல்லீருவோம்" என்பார்கள். அவ்வளவுதான், என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைத் திறக்கிறேன், உள்ளே ஒரு பீடிக்கட்டு. இடைவேளையில் போட்டிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போது நிற்கும் என்று தெரியாது. அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு ஓடி, சாயப்பட்டறைச் சாக்கடையில் வீசினேன். அன்றைக்குச் சாக்கடையில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. அந்தச் சிவப்பு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அவர்கள் என்னை எதை வைத்து மிரட்டினார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் கத்தி இல்லை, கம்பு இல்லை. என் அப்பாவின் கோபத்தையே எடுத்து என் மேல் வைத்தார்கள். அந்தக் கோபம் அப்பாவிடம் இல்லாதிருந்தால் அந்த மூன்று பேரிடமும் ஒன்றுமே இல்லை. நடுத்தெருவில் பிள்ளையை அடிக்கிற அப்பாக்களுக்கு இது தெரிவதில்லை. அந்த அறையோடு பிள்ளைக்குப் புத்தி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சங்கதி தெரிந்துவிடுகிறது: இந்தப் பையனை என்ன செய்தாலும் வீட்டில் போய்ச் சொல்ல மாட்டான்.

அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அம்மா எனக்கு உயிர். ஆனால் நான் சேட்டை செய்தால் அவர் சொல்கிற வார்த்தை "இரு, அப்பா வரட்டும்." அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. அப்பாவின் கோபம் வீட்டில் எல்லோருடைய கைக்கும் எட்டுகிற இடத்தில் தொங்கிய ஒரு கம்பு மாதிரி இருந்தது. அம்மா எடுத்தார், பள்ளிக்கூடத்துப் பையன்கள் எடுத்தார்கள். ஒரு வாத்தியாரும் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று எடுத்தார்.

ஆகவே நான் வழியை மாற்றினேன். பள்ளியிலிருந்து நேர் வழியில் வந்தால் பத்து நிமிடம். மில் சுவரை ஒட்டிய சந்தில் அவர்கள் நிற்பார்கள் என்பதால் ஆற்றோரமாகப் போய், பழைய பாலத்தடியில் திரும்பி, அரை மணி நேரம் சுற்றி வருவேன். மழையானாலும் அப்படித்தான். "ஏன்டா இத்தன நேரம்?" என்று அப்பா கேட்டால் அதற்கும் ஓர் அடி. பள்ளிக்கூடத்துக்குப் பயந்து சுற்றி வந்ததற்கு வீட்டில் அடி.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒருவர்தான் கவனித்தார். எங்கள் பட்டறையில் தறிக்கு நூல் தார் சுற்றுகிற அக்கா. அக்கா என்றாலும் அம்மாவைவிடப் பெரியவர். ஆற்றில் துணி துவைக்கிறபோது நான் போவதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் கூப்பிட்டு, "ஏன் கண்ணு சுத்திப் போறே?" என்று கேட்டார்.

"சும்மாங்க்கா" என்றேன்.

அவர் விரட்டிக் கேட்கவில்லை. அடுத்த நாளும் அதே இடத்தில் இருந்தார். கடலை மிட்டாய் கொடுத்தார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, "உங்கப்பன்கிட்டச் சொல்ல மாட்டேன் சாமி. எனக்கு மட்டுஞ் சொல்லு" என்றார். அந்த ஒரு உறுதிமொழிக்காகத்தான் நான் அதுவரை காத்திருந்தேன் போலிருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டினேன். பீடிக்கட்டு வரைக்கும்.

அவர் செய்தது பெரிய காரியம் இல்லை. அவருடைய மகன் சாயங்கால ஷிப்டுக்குப் போகிற நேரமும் நான் பள்ளி விட்டு வருகிற நேரமும் ஒன்று. "நாளையிலிருந்து இவன் உன்கூட அந்தச் சந்து வழியா வருவான்" என்றார். அந்த அண்ணன் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு பேசியபடி நடந்தார். அந்த மூன்று பேரைப் பார்த்து, "என்ன தம்பிகளா, வீட்டுக்குப் போகலியா?" என்று கேட்டார். இரண்டு வாரம் அப்படி நடந்தார். பிறகு அவர்கள் அங்கே நிற்பதை விட்டுவிட்டார்கள்.

பல வருடம் கழித்து இதைப் பற்றிப் படித்தபோது அந்த அக்காவின் கணக்கு எவ்வளவு சரி என்று புரிந்தது. நார்வே நாட்டில் டான் ஓல்வியஸ் என்றொரு உளவியலாளர். பள்ளிக்கூட மிரட்டலை 1970-களிலேயே ஆராய ஆரம்பித்தவர். 1982-ன் கடைசியில் அந்த நாட்டில் மூன்று பையன்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். காரணம் கூடப் படித்தவர்களின் கொடுமை என்று தெரிந்து நாடே குலுங்கியது. அடுத்த வருடமே அரசாங்கம் இதற்கென்று ஓர் இயக்கம் தொடங்கியது. சண்டை வேறு, மிரட்டல் வேறு என்று ஓல்வியஸ் பிரித்துக் காட்டினார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் சமமாக இல்லாமல் இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது மிரட்டல். "நாங்கூடத்தான் சின்ன வயசுல சண்ட போட்டேன், திருப்பிக் குடுத்துட்டு வாடா" என்கிற அப்பாக்கள் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். சமமானவர்கள் மோதினால்தான் சண்டை. எட்டாம் வகுப்பு ஒருவனும் பத்தாம் வகுப்பு மூவரும் மோதுவதற்குச் சண்டை என்று பெயர் இல்லை.

பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவாலி என்பவர் இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். மிரட்டுகிறவனையும் மிரட்டப்படுகிறவனையும் விட்டுவிட்டு, சுற்றி நிற்பவர்களைக் கவனித்தார். சிரிக்கிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள், கண்டும் காணாமல் போகிறவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது, அவர்கள் மாறினால் மிரட்டுகிறவனுக்கு மவுசு போய்விடும் என்று சொன்னார். அதை வைத்துக் கட்டிய 'கிவா' என்கிற திட்டம் 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவியது. எங்கள் தார் சுற்றும் அக்கா இதையெல்லாம் படித்தவர் இல்லை. தனியாகப் போகிற பையன் பக்கத்தில் ஓர் ஆளை நடக்கவிட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அப்பா விஷயம் அப்படியே இருந்தது. அதற்கும் அக்காதான் ஒரு யோசனை சொன்னார். "கரண்டு இருக்கறப்ப சொல்லு கண்ணு. கரண்டு போனப்ப சொல்லாதே." கேட்க எளிமையாக இருக்கிறது. எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அதுவரை அப்பா கோபமாக இருக்கும்போது மட்டும்தான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சாந்தமாக இருக்கிற நேரத்தில் கிட்டவே போக மாட்டேன், அந்தச் சாந்தம் கலைந்துவிடுமோ என்று பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை. நாலு தறியும் ஓடுகிறது. டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அங்கே காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும். கத்தினேன். பத்தாவது பையன்கள், காசு, பீடிக்கட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா முகம் மாறிவிட்டது. "ஏன்டா இத்தன நாளாச் சொல்லல?" என்று அவரும் கத்தினார்.

"உங்களுக்குப் பயந்துட்டுத்தாங்ப்பா" என்றேன்.

அப்பா நாலு தறியையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். கரண்ட் இருக்கும்போது அவர் தானாகத் தறியை நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுத் தறியைப் போட்டார்.

அன்றோடு அப்பா மாறிவிட்டார் என்று எழுதினால் பொய். அந்த வருடத்திலேயே இன்னும் இரண்டு முறை அடித்தார். ஆனால் தெருவில் வைத்து அடிக்கவில்லை, வாரை எடுக்கவில்லை. கத்தல் நான் கல்லூரிக்குப் போகிற வரை இருந்தது. ஒரு முறை முதலாளி எல்லோர் முன்னாலும் முன்பணத்தைச் சொல்லி அவரைத் திட்டியதையும், அவர் தலை குனிந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். அவரும் ஓர் இடத்தில் மிரட்டப்பட்டவர்தான். அது தெரிந்த பிறகு எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. ஆனால் அந்த இரக்கத்தைப் பதின்மூன்று வயதுப் பையனிடம் எதிர்பார்க்கக் கூடாது. "அப்பாவுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா, நீதான் பொறுத்துப் போகணும்" என்று பிள்ளைகளிடம் சொல்கிற பெரியவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. கஷ்டத்தைப் புரிந்துகொள்ளட்டும். அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

இதைப் படிக்கிற தம்பி, தங்கச்சிகளுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

வீட்டில் கோபம் ஏறுகிறபோது நியாயம் பேசி ஜெயிக்க முயலாதே. அந்த நேரத்தில் அவர் காதில் எதுவும் ஏறாது. அந்த இடத்தை விட்டு நகர்ந்துகொள். கதவு இருக்கிற பக்கம் நில். தம்பி தங்கச்சி இருந்தால் அவர்கள் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள். நான் பயம் வந்தால் தறிச் சத்தத்தை நூறு வரை எண்ணுவேன், தங்கச்சிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உனக்கு எது கைகொடுக்கிறதோ அதைச் செய். மூச்சை மெதுவாக வெளியே விட்டாலே நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்கும்.

பெரியவர் ஒருவரைத் தேடு. அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அத்தை, மாமன், பக்கத்து வீட்டு அக்கா, விளையாட்டு வாத்தியார் யாராகவும் இருக்கலாம். முதல் ஆள் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தட்டிக் கழித்தால் இரண்டாவது ஆளிடம் போ. சொல்லும்போது "என்னைக் கொடுமைப்படுத்துறாங்க" என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்த நாள், எந்த இடம், யார் யார், என்ன செய்தார்கள் என்று சொல். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. இப்போது பாதி மிரட்டல் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நடக்கிறது. வெட்கப்பட்டு அழித்துவிடாதே. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடு, பிறகு பிளாக் செய்.

உடம்பில் தழும்பு விழுகிற மாதிரி அடித்தால், சாப்பாடு போடாமல் வைத்தால், ராத்திரி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால், யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால், நல்ல நேரம் பார்த்துப் பேசுகிற என் கதை உனக்குப் பொருந்தாது. 1098-க்குப் போன் பண்ணு. 1996-ல் மும்பையில் ஆரம்பித்த குழந்தைகள் உதவி எண் இது, இன்றைக்கு நாடு முழுவதும் இருக்கிறது. ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. பள்ளிக்கூடப் பிரச்சினைக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது. மனசு தாங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்று தோன்றினால் மனநல உதவி எண் 14416-ல் பேசு. அந்த எண்ணம் வருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதோடு தனியாக மட்டும் இருக்காதே.

"போன் பண்ணினா எங்கப்பாவ ஜெயில்ல போட்டுருவாங்களா?" இந்தக் கேள்விதான் பிள்ளைகள் கையைப் பிடித்து நிறுத்துகிறது. எனக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, தன் பொறுப்பில் இருக்கிற குழந்தையை அடித்துத் துன்புறுத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ என்கிறது. பெற்றோரும் அதில் அடக்கம். ஆனால் அதே சட்டம், குழந்தையைக் குடும்பத்தோடு பாதுகாப்பாக வைத்திருக்கத்தான் முதலில் முயல வேண்டும், விடுதியில் சேர்ப்பது கடைசி வழி என்றும் சொல்கிறது. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருப்பது அதற்குத்தான். உன்னிடம் பேசுவார்கள், வீட்டில் பேசுவார்கள். நீ ஒரு போன் பண்ணியதால் குடும்பம் உடைந்துபோகும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே.

பிள்ளைகளிடம் "சொல்லு, சொல்லு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதும் தப்பு என்று நாங்குநேரி ஊரில் நடந்தது எனக்குக் காட்டியது. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு பையன், கூடப் படித்தவர்களின் சாதித் தொல்லை தாங்காமல்தான் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். விசாரித்தார்கள், சொன்னான். சொன்னதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள்ளேயே அரிவாளோடு வந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சியையும் விடவில்லை. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற சாதிக் கயிறு வரைக்கும் அதில் பேசியிருக்கிறது. சொன்னவன் அன்று மாலை எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போவான் என்று கேட்காத பள்ளிக்கூடம் புகாரை வாங்கி என்ன பிரயோசனம்? எங்கள் அக்கா கேட்ட முதல் கேள்வியே வழியைப் பற்றியதுதான்.

அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒன்று. உங்கள் பிள்ளை உங்களிடம் ஒரு கெட்ட செய்தியைத் தானாக வந்து சொன்னது கடைசியாக எப்போது? பேனா தொலைந்தது, மார்க் குறைந்தது, ஒருவன் தள்ளிவிட்டான் என்று ஏதாவது. யோசித்தும் நினைவுக்கு வரவில்லை என்றால், உங்கள் பிள்ளைக்குப் பிரச்சினையே இல்லை என்று அர்த்தம் இல்லை. உங்களிடம் கொண்டுவர முடியவில்லை என்று அர்த்தம். கோபம் வராமல் யாராலும் இருக்க முடியாது. கோபத்தில் அடித்துவிட்டால், பிறகு சாந்தமாக இருக்கும்போது பிள்ளையைக் கூப்பிட்டு "நான் அடிச்சது தப்பு கண்ணு" என்று சொல்லுங்கள். என் அப்பா அந்த வார்த்தையை இதுவரை சொன்னதில்லை. நான் இன்னும் எதிர்பார்க்கிறேன்.

அண்ணன் பையன் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவனுடைய தாய்மாமன் வந்து, முடி வெட்டக் கூட்டிப் போகிறேன் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். "உங்கப்பாகிட்டச் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் சொன்னார். ஊரைத் தாண்டுவதற்குள் பையன் அழுதுவிட்டான். வேனில் பெரிய பையன்கள் இரண்டு பேர் இவனைத் தரையில் உட்கார வைத்து, அதைப் போனில் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு மாதமாக. பிறகு மாமன் அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் அப்பாவிடம் பேசினார். இப்போது மாமனும் அப்பாவும் பள்ளியில் பேசியிருக்கிறார்கள். இந்த வாரம் அவன் மாமனோடு வண்டியில் போய்வருகிறான்.

உங்கள் தெருவிலும் ஒரு பையனோ பெண்ணோ நேர் வழியை விட்டுவிட்டுச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கலாம். கொஞ்சம் கவனியுங்கள். கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். முதல் நாள் "சும்மா" என்றுதான் பதில் வரும். அடுத்த நாளும் அதே இடத்தில் நில்லுங்கள்.